பூட்டைக் கழற்றினால் வேகம் வந்துவிடுமா?



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மலர்க்குழு நண்பர்கள் ஒரு வாரமாக விரட்டினார்கள். கவிதை எனக்கு வராது. நட்பைப் பற்றி எழுதலாம் என்றால், அதை ஏற்கெனவே ஒரு டஜன் பேர் எழுதிக் கொடுத்துவிட்டார்களாம்! எனக்குத் தெரிந்த ஒரே விஷயம், கம்ப்யூட்டர் ஏன் சில நேரம் எருமை மாதிரிப் படுத்துக்கொள்கிறது என்பதுதான். அதையே எழுதுகிறேன். நான் செய்த ஒரு தப்பும் இதில் வருகிறது, அதை மறைக்கப் போவதில்லை.

2024 மே மாத லீவில் சேலத்தில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலைக்கு நின்றேன். கடைப் பெயர் வேண்டாம். முதலாளி அண்ணா தங்கமான மனிதர், மதியச் சாப்பாடும் போட்டு பஸ் காசும் தருவார். அந்தக் கடையில் எழுதப்படாத சட்டம் ஒன்று இருந்தது. "சிஸ்டம் ஸ்லோ" என்று யார் வந்து நின்றாலும் டெம்ப் ஃபைலை அழி, ஸ்டார்ட்டப்பில் இருப்பதைத் தூக்கு, பிட்லாக்கர் போட்டிருந்தால் ஆஃப் பண்ணு. அவ்வளவுதான் வைத்தியம். காய்ச்சலோ, கால் வலியோ, எதற்கும் ஒரே மாத்திரை!

நாமக்கல்லில் ஒரு லாரி ஆபீஸிலிருந்து போன் வந்தது. என்னை அனுப்பினார்கள். ஆபீஸ்காரர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க தம்பி, மாசக் கடைசி வந்தாப் போதும், இந்தப் பொட்டி செத்துப் போயிருதுங்க. ஒரு ட்ரிப் ஷீட்டை ஸ்கேன் பண்ணி சேவ் குடுத்துட்டு, டீ குடிச்சுட்டு வந்து பாத்தாலும் வட்டம் சுத்திக்கிட்டே இருக்குது. ஆடிட்டர் ஏதோ பூட்டு போடச் சொன்னாரு, போட்டோம். அதுலருந்துதான் இப்புடி."

நான் பார்த்தேன். விண்டோஸ் 10 புரோ. சி டிரைவ், டி டிரைவ் இரண்டிலும் பிட்லாக்கர். ஒரு பக்கம் டேலி, ஒரு பக்கம் இ-வே பில்லுக்காக பிரவுசரில் இருபது டேப், நடுவில் ஸ்கேனர். வேறு எதையும் பார்க்கவில்லை. "பூட்டுதான் சார் காரணம், எடுத்துடலாம்" என்று பெரிய எஞ்ஜினியர் மாதிரிச் சொன்னேன். முழு டிஸ்கையும் பழையபடி பிரித்து எழுத வேண்டுமல்லவா, ராத்திரி முழுக்க ஓடியது. மறுநாள் காலையில் ரீஸ்டார்ட் செய்தால் ஜம்மென்று வந்தது. ஆபீஸ்காரருக்குச் சந்தோஷம், எனக்கு ஒரு இளநீர்.

பத்து நாளில் மறுபடியும் போன்! மாதக் கடைசி. பெட்டி மறுபடியும் படுத்துவிட்டது. இப்போதுதான் பூட்டே இல்லையே? அப்போதும் எனக்கு உறைக்கவில்லை பாருங்கள். டெம்ப் ஃபைலை இன்னொரு தடவை அழித்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த ஆண்டு லீவில் அதே கடை. அழிந்த ஃபைல்களை மீட்டெடுக்கும் வேலை ஒன்று வந்தது. கஸ்டமர் டிஸ்கில் கை வைப்பதற்கு முன்னால் பழகிப் பார்க்கலாமே என்று, டிராயரில் கிடந்த பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றை மாட்டினேன். எக்ஸ்சேஞ்சில் வந்த டிஸ்க். குயிக் ஃபார்மட் செய்து, விற்பதற்குத் தயாராக வைத்திருந்தார்கள். மீட்கும் சாஃப்ட்வேரை ஓட்டினேன். பத்து நிமிடத்தில் வரிசையாக வர ஆரம்பித்தது. டிரைவிங் லைசென்ஸ், ஆதார் அட்டை, பாங்க் பாஸ்புக் முதல் பக்கம், ஆர்.சி. புத்தகம், கையெழுத்துப் போட்ட வெள்ளைத் தாள். ஒரு லைசென்ஸில் இருந்த முகம் எனக்குத் தெரிந்த முகம். எங்கள் ஊர்க்காரர், டேங்கர் லாரி ஓட்டுபவர், சின்ன வயதில் என்னைக் கிளீனர் சீட்டில் உட்கார வைத்துச் சங்ககிரி வரை கூட்டிப் போனவர்.

அது அந்த லாரி ஆபீஸ் டிஸ்க். நான் ராத்திரி முழுக்க ஓடவிட்டுப் பூட்டைக் கழற்றிய அதே டிஸ்க்! பூட்டோடு வந்திருந்தால், குயிக் ஃபார்மட் செய்தாலும் செய்யாவிட்டாலும், அதை வாங்குகிறவனுக்கு வெறும் இரைச்சல்தான் கிடைத்திருக்கும். குயிக் ஃபார்மட் அழிப்பது அட்டவணையை மட்டும்தானே. உள்ளே இருக்கும் சரக்கு அப்படியே கிடக்கும்.

அந்தச் சாயங்காலம் நான் சாப்பிடவில்லை என்று சொன்னால் நாடகம் மாதிரி இருக்கும். சாப்பிட்டேன். ஆனால் அன்றிலிருந்து ஒரு கேள்வி பிடித்துக்கொண்டது. பூட்டு உண்மையிலேயே எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது? நான் அளந்தேனா? இல்லை. கடையில் யாராவது அளந்தார்களா? இல்லை. அளக்காமலே தீர்ப்புச் சொல்லிவிட்டோம். டிப்ளமா படிக்கிற நாமே இப்படிச் செய்தால், மற்றவர்களை என்ன சொல்வது?

கணக்குப் போட்டுப் பார்ப்போம், ஒன்றும் கஷ்டமில்லை. அந்தப் பெட்டியில் இருந்தது சுற்றுகிற ஹார்ட் டிஸ்க், நிமிடத்துக்கு 7200 சுற்று. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி செகண்டு. தலை நகர்ந்து, வேண்டிய இடம் அதன் கீழே வந்து சேர, சராசரியாக 12, 13 மில்லி செகண்டு ஆகும். அதாவது அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் 4 கே.பி. துண்டுகளை செகண்டுக்கு ஏறக்குறைய 75 முதல் 100 வரைதான் எடுக்க முடியும். இப்போது பூட்டின் பக்கம் வாருங்கள். டிஸ்கை மறையாக்கம் செய்ய, அதாவது என்க்ரிப்ட் செய்ய, பிட்லாக்கரும் லினக்ஸின் லக்ஸும் பயன்படுத்துவது ஏ.இ.எஸ். என்ற முறை. பெல்ஜியத்தைச் சேர்ந்த டாமன், ரைமன் இருவர் வடிவமைத்தது, 2001 நவம்பரில் அமெரிக்க அரசின் தரமாக அறிவிக்கப்பட்டது. இந்தக் கணக்கைச் செய்வதற்கென்றே பிராசஸருக்குள் தனிக் கட்டளைகளை இன்டெல் 2010-இல் வைத்தது. ஏ.இ.எஸ்-என்.ஐ. என்று பெயர். அது இருக்கும் சிப்பில் ஒரு கோர் செகண்டுக்கு 1 ஜி.பி. என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், 4 கே.பி. துண்டு ஒன்றைப் பூட்ட ஆகும் நேரம் 4 மைக்ரோ செகண்டு. டிஸ்க் எடுத்துக்கொள்வது 12,000 மைக்ரோ செகண்டு. நான் பழி போட்டது எதன் மேல்? அந்த நாலு மைக்ரோ செகண்டின் மேல்!

சேலத்திலிருந்து கோயம்புத்தூர் போகிற வழியில் வைகுந்தம் டோல்கேட்டைப் பார்த்திருப்பீர்கள். கேட்டில் ஒரு வண்டிக்கு ஆகும் நேரம் கொஞ்சம்தான். ஆனால் பொங்கல் லீவுக்கு முந்தின நாள் போய்ப் பாருங்கள். கேட் அதேதான், வண்டிதான் அதிகம். க்யூவில் நிற்கிறவன் கேட்காரனைத் திட்டுவான். அதற்கு அப்பால் ரோடு அடைத்துக் கிடப்பது அவன் கண்ணுக்குத் தெரியாது. அந்த லாரி ஆபீஸ் பெட்டியில் அடைத்துக் கிடந்தது ரோடு. 4 ஜி.பி. ரேம்தான் இருந்தது. இருபது டேப்பும் டேலியும் ஸ்கேனரும் சேர்ந்தால் ரேம் நிரம்பும். நிரம்பினால் விண்டோஸ் ரேமில் உள்ளதை எடுத்து டிஸ்கில் இருக்கும் பேஜ் ஃபைலில் கொட்டும், வேண்டும்போது திரும்ப அள்ளும். செகண்டுக்கு நூறு துண்டு தூக்கவே மூச்சு வாங்குகிற டிஸ்கின் தலையில் இதையும் ஏற்றினால்? மாதக் கடைசியில் மட்டும் ஏன் படுத்தது என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இதெல்லாம் ஊகம் இல்லை. அந்த ஆபீஸில் அதே மாடலில் இன்னொரு பெட்டி இருந்தது. அதிலும் பூட்டு கிடையாது. போன வருஷம் நானே போய்க் கேட்டு, மாதக் கடைசியில் ஒரு மணி நேரம் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்து உட்கார்ந்தேன். டிஸ்க் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டே நின்றது. சி.பி.யு. பாதிகூடத் தொடவில்லை. ஒரு எஸ்.எஸ்.டி.யும் கூடுதல் ரேமும் போட்டு, பிட்லாக்கரைத் திரும்ப ஆன் செய்து கொடுத்தேன். ஆபீஸ்காரர் இரண்டு நாள் கழித்துக் கேட்டார்: "பூட்டை மறுபடியும் போட்டீங்களா தம்பி, இல்ல மறந்துட்டீங்களா?" இதைவிட நல்ல சர்டிபிகேட் எனக்கு வேண்டாம்.

ஆனால் நண்பர்களே, பூட்டு எப்போதும் நிரபராதி என்று நான் வாதாடினால் அதுவும் பொய்தான். பூட்டே மூச்சை முட்டுகிற இடங்கள் உண்டு.

என் அக்காவுக்குப் பிளஸ் டூவில் கிடைத்த அரசு மடிக்கணினி இன்னும் வீட்டில் ஓடுகிறது. 2011 செப்டம்பரில் தொடங்கிய அந்தத் திட்டத்தால்தான் நம்மில் பலருடைய வீட்டில் முதல் கம்ப்யூட்டர் வந்தது, அதை மறக்கக் கூடாது. அந்தக் காலத்து மலிவு விலை பெண்டியம், செலரான் சிப்கள் பலவற்றில் ஏ.இ.எஸ்-என்.ஐ. கிடையாது. விலை உயர்ந்த சிப்பில் வந்த வசதி மலிவு சிப்புக்கு இறங்கி வரப் பல வருஷம் ஆயிற்று. அக்காவின் லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு, டிஸ்க் முழுக்கப் பூட்டி, வீடியோ ஒன்றை கன்வர்ட் செய்துகொண்டே பெரிய ஃபைல்களை காப்பி செய்து பார்த்தேன். மவுஸ் அம்பு தாவித் தாவி நகர்ந்தது! காரணம் எளிது. தனிக் கட்டளை இல்லாதபோது பூட்டுகிற கணக்கு முழுவதையும் பொது வேலை செய்கிற அதே சி.பி.யு.தான் சுமக்க வேண்டும். வீடியோவும் அதே சி.பி.யு.வைத்தான் கேட்கிறது. பெட்டி சும்மா இருக்கும்போது அளந்தால் இந்தச் சண்டை தெரியவே தெரியாது. பளு ஏற்றி அளந்தால்தான் வெளியே வரும். சும்மா நிற்கிற லாரியைப் பார்த்து இன்ஜின் நல்லா இருக்குதுன்னு சொல்ற மெக்கானிக்கை நம்ம ஊரில் யாராவது நம்புவார்களா?

செல்போனில் இதே கதை உலக அளவில் நடந்தது. 2014-இல் ஆண்ட்ராய்டு 5 வந்தபோது கூகுள் நெக்சஸ் 6 போனைப் பூட்டோடு விற்றது. ஸ்டோரேஜ் வேகம் நன்றாகவே அடி வாங்கியது. புகார் கிளம்பியதும் மற்ற கம்பெனிகளுக்குக் கட்டாயம் இல்லை என்று தளர்த்தினார்கள். அடுத்த ஆண்டு ஆண்ட்ராய்டு 6-இல், ஏ.இ.எஸ். வேகம் செகண்டுக்கு 50 எம்.பி.க்கு மேல் உள்ள போனுக்கு மட்டும் கட்டாயம் என்றார்கள். இதன் அர்த்தம் என்ன? காசுள்ளவன் போனுக்குப் பூட்டு, ஐயாயிரம் ரூபாய் போன் வைத்திருப்பவனுக்குத் திறந்த வீடு! இந்தியாவில் விற்ற மலிவு போன்கள் பலவற்றில் கார்டெக்ஸ் ஏ7 மாதிரி, ஏ.இ.எஸ். கட்டளை இல்லாத சிப்தான். ஆனால் அதோடு விட்டுவிடவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. 2019 பிப்ரவரியில் கூகுளின் பால் க்ரௌலி, எரிக் பிக்கர்ஸ் இருவரும் அடியான்டம் என்ற புது முறையை வெளியிட்டார்கள். அதே ஏ7 சிப்பில் ஏ.இ.எஸ்-ஸை விட ஏறக்குறைய ஐந்து மடங்கு வேகம். அதே ஆண்டு வந்த ஆண்ட்ராய்டு 10-இல், இனிப் புதிதாக அதனுடன் வருகிற எல்லாப் போனுக்கும் பூட்டு கட்டாயம் ஆனது. பூட்டு கனமாக இருக்கிறது என்றதும் அவர்கள் கதவைத் திறந்து போட்டுவிடவில்லை, இலேசான பூட்டாகச் செய்தார்கள். நம் லினக்ஸிலும் அடியான்டம் இருக்கிறது. அக்காவின் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன், அம்பு தாவுவது நின்றது.

எதிர்முனைக் கதையும் ஒன்று உண்டு. மெஷின் மட்டமாக இருந்தால்தான் இந்தப் பிரச்னை என்று நினைக்க வேண்டாம். 2020 மார்ச்சில் கிளவுட்ஃபிளேர் கம்பெனியின் இக்னாட் கோர்ச்சாகின் என்ற எஞ்ஜினியர், தங்கள் சர்வர்களில் பூட்டிய டிஸ்க் ஏன் இவ்வளவு இழுக்கிறது என்று தோண்டியதை எழுதினார். சிப்பும் உயர்தரம், டிஸ்கும் உயர்தரம், ஏ.இ.எஸ். கணக்கும் வேகம். அப்புறம் எங்கே போகிறது நேரம்? லினக்ஸின் டி.எம்-கிரிப்ட் பகுதியில், ஒரு விண்ணப்பம் வந்தால் அதை உடனே பூட்டி அனுப்புவதில்லை. ஒரு க்யூவில் போடும், அங்கிருந்து வேறொரு திரெட் எடுக்கும், பூட்டும், எழுதுவதற்கு மறுபடி இன்னொரு திரெட்டிடம் கொடுக்கும், அது வரிசைப்படுத்தி அனுப்பும். சுற்றுகிற டிஸ்க் காலத்தில் இந்த ஏற்பாட்டுக்கு அர்த்தம் இருந்தது, 12,000 மைக்ரோ செகண்டுக்கு நடுவில் நாலு க்யூ மாறினால் யாருக்குத் தெரியும்? ஆனால் என்.வி.எம்.இ. டிஸ்க் ஒரு துண்டை நூறு மைக்ரோ செகண்டுக்குள் முடித்துவிடுகிறது. அங்கே ஒவ்வொரு கைமாற்றமும் உறைக்கும். தாலுகா ஆபீஸில் ஒரு கையெழுத்துக்கு நாலு டேபிள் ஏறி இறங்கிய அனுபவம் உள்ளவர்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம். அவர் க்யூக்களைத் தாண்டிப் போகும் வழியை எழுதினார். அந்த யோசனை 2020 அக்டோபரில் வந்த லினக்ஸ் 5.9-இல் இரண்டு ஆப்ஷன்களாகச் சேர்ந்தது, படிப்பதற்கு ஒன்று, எழுதுவதற்கு ஒன்று. எஸ்.எஸ்.டி. உள்ளவர்கள் போட்டுப் பார்க்கலாம். ஹார்ட் டிஸ்கில் போட்டால் லாபம் தெரியாது.

விண்டோஸ் பக்கம் நாம் கவனிக்க வேண்டியது வேறு. 2018-இல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழகத்தார், எஸ்.எஸ்.டி. தன் உள்ளேயே போடும் பூட்டுகள் சிலவற்றைப் பாஸ்வேர்ட் இல்லாமலே திறந்து காட்டிவிட்டார்கள். அதனால் 2019 முதல் மைக்ரோசாஃப்ட் டிஸ்கின் சொந்தப் பூட்டை நம்பாமல், சி.பி.யு.வை வைத்தே பூட்டுகிறது. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும்போது ஹோம் பதிப்பிலும் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் நுழைந்தால் பூட்டு தானாக விழுந்துவிடுகிறது. இனி நம் கைக்கு வரும் லேப்டாப்பில் பலதும் பூட்டியே இருக்கும். வைத்திருப்பவருக்கே அது தெரியாது! அப்போதுதான் நிஜமான ஆபத்து. 48 இலக்க மீட்புச் சாவி எங்கே என்று தெரியாமல் பயாஸை அப்டேட் செய்கிற கடைக்காரன் (நேற்று வரை அது நான்தான்) கஸ்டமரின் பத்து வருஷக் கல்யாண போட்டோக்களை ஒரே நிமிடத்தில் காணாமல் ஆக்கலாம். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் கோளாறில் 85 லட்சம் விண்டோஸ் பெட்டிகள் உலகெங்கும் படுத்தபோது, பூட்டிய பெட்டிகளை எழுப்ப ஒவ்வொன்றுக்கும் இந்தச் சாவியைத் தேடி அலைந்தார்கள். ஆகவே பூட்டைப் பற்றிய முதல் கேள்வி வேகம் கூட இல்லை, சாவி யாரிடம் என்பதுதான்.

"எவனுக்குடா நம்ம டேட்டா வேணும்?" என்று ஹாஸ்டலில் ஒரு நண்பன் கேட்டான். உன் டேட்டா யாருக்கும் வேண்டாம், சரி. அந்த லாரி ஆபீஸில் கிடந்தது ஆபீஸ்காரர் டேட்டா இல்லையே, டிரைவர்களுடையது. அவர்களை யாரும் கேட்கவில்லை, ஆதார் ஜெராக்ஸ் கொடுத்தால்தான் வண்டி என்றார்கள், கொடுத்தார்கள். முட்டை வியாபார ஆபீஸ், ரிக் வண்டி ஆபீஸ், ஜவ்வரிசி மில், நர்சிங் ஹோம் என்று நம்ம பக்கத்தில் எங்கே போனாலும் இதே கதைதான். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட அதன் விதிகளும், பிறர் விவரத்தை வைத்திருப்பவர் அதைப் பாதுகாக்க வேண்டும் என்கின்றன. விதிகளில் என்க்ரிப்ஷன் பெயர் சொல்லியே வருகிறது. பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். இப்படியிருக்க, முந்நூறு ரூபாய் பில்லுக்காகப் பூட்டைக் கழற்றுகிற கை நம்முடையதாக இருக்கலாமா?

மாணவர் சங்கத்துக்கு என் கோரிக்கை இதுதான். நம் லேப் ரெகார்டில் பத்துப் பன்னிரண்டு எக்ஸ்பெரிமென்ட் எழுதுகிறோம், பாதியை சீனியர் ரெகார்டைப் பார்த்துத்தான் எழுதுகிறோம் (சார் மன்னிக்கவும்). அதில் இல்லாத ஒன்றை நாமே செய்வோம். ஒரு சனிக்கிழமை மதியம் எல்லோரும் சொந்த லேப்டாப்பை எடுத்து வாருங்கள். லினக்ஸ் உள்ளவர்கள் கிரிப்ட்செட்டப் பெஞ்ச்மார்க் என்ற கட்டளையை ஓட்டினால், உங்கள் சிப் செகண்டுக்கு எவ்வளவு பூட்டும் என்று நேரடியாக வந்துவிடும். விண்டோஸ்காரர்கள் மேனேஜ்-பி.டி.இ. ஸ்டேட்டஸ் என்று கேட்டால், பூட்டு இருக்கிறதா, எத்தனை சதவீதம் முடிந்தது என்று சொல்லும். முதல் தடவை பூட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சில மணி நேரம் எந்தப் பெட்டியும் இழுக்கத்தான் செய்யும், அதைப் பார்த்துப் பயந்து பாதியில் நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். அப்புறம் பளு ஏற்றுங்கள். ஒரு பெரிய புரோக்ராமை கம்பைல் செய்துகொண்டே பத்து ஜி.பி. காப்பி போடுங்கள். டிஸ்க் 100-இல் நிற்கிறதா, சி.பி.யு. 100-இல் நிற்கிறதா, ரேம் நிரம்பி வழிகிறதா என்று எழுதிக்கொள்ளுங்கள். சி.பி.யு. நின்றால் மட்டும் பூட்டைச் சந்தேகப்படுங்கள். அப்போதும் அடியான்டம் இருக்கிறது, முக்கியமான ஃபோல்டரை மட்டும் பூட்டுகிற வழியும் இருக்கிறது. எல்லா அளவுகளையும் ஒரே அட்டவணையாக எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டினால், அடுத்த வருஷ ஜூனியர் எவனும் என்னை மாதிரி கண்ணை மூடிக்கொண்டு நாமக்கல் பஸ் ஏற மாட்டான்.

அந்த டிராயர் டிஸ்க் என்ன ஆனது என்று கேட்பீர்கள். முதலாளி அண்ணாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "எத்தனை டிஸ்க் இப்படி வித்திருப்போம்டா?" என்றார். எனக்குப் பதில் தெரியாது. டிராயரில் மிச்சம் இருந்த ஏழு டிஸ்கையும் முதலிலிருந்து கடைசி வரை பூஜ்யம் எழுதி அழித்தோம், மூன்று நாள் ஆனது. இப்போது கடைச் சுவரில், யு.பி.எஸ்.ஸுக்கு மேலே, அவர் கையெழுத்தில் ஒரு அட்டை தொங்குகிறது: "பிட்லாக்கரைத் தொடும் முன் என்னைக் கேட்கவும்."

— மூன்றாமாண்டு மாணவன், கணினிப் பொறியியல் துறை